படித்ததில் பிழை

திரும்பி வந்த நாலாவது ஜோடிக் கண்ணாடி, திங்கட்கிழமை காலை மழையோடு வந்தது. கடைக்காரர் அனுப்பிய ஆள் அதை மேசையில் வைத்துவிட்டு, குடையை வாசலில் உதறினார். "அந்தம்மா இதைப் போட்டுக்கிட்டு மாடிப்படி இறங்கினாங்களாம். தரை சாயுதுன்னு படியிலேயே உக்காந்துட்டாங்களாம்" என்றார். அடுத்ததைச் சொல்லக் கொஞ்சம் தயங்கினார். "முதலாளி சொல்லச் சொன்னார். அஞ்சாவது ஒண்ணு வந்தா வேலையை வேற பட்டறைக்குக் குடுத்துடுவாராம்."

இரண்டு இயந்திரங்களும் ஓடிக்கொண்டிருந்தன. ஆனாலும் அந்தக் கடைசி வாக்கியம் நாலு பேர் காதிலும் விழுந்தது. வேண்டாத பேச்சு எந்த இரைச்சலிலும் கேட்டுவிடும்.

வீட்டின் பின்பக்கம் இரண்டு அறைகளை இடித்து ஒன்றாக்கியதுதான் பட்டறை. பெரியவர் லென்ஸ் தேய்ப்பவர். முழங்கை வரை வெள்ளைச் சாந்து அப்பியிருக்கும். அவர் தம்பி, தேய்த்த லென்ஸை ஃப்ரேமின் வடிவத்துக்கு ஓரம் வெட்டி மாட்டுபவர். தலைமுடியிலும் புருவத்திலும் எந்நேரமும் சாம்பல் தூள். பெரியவரின் மனைவி லென்ஸைத் துடைத்து, கீறல் இருக்கிறதா என்று விளக்கில் காட்டிப் பார்த்து, உறையில் போடுவாள். அவளை அக்கா என்று கூப்பிடும் தம்பியின் மனைவியை எல்லாரும் சின்னவள் என்பார்கள். கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, கடையிலிருந்து வரும் எண்களைப் படித்துச் சொல்லும் வேலை அவளுடையது.

படித்துச் சொல்வதற்கு அங்கே ஒரு சட்டம் உண்டு. சொல்பவள் சொல்ல வேண்டும். செய்பவர் அதை உரக்கத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவள் "சரி" என்ற பிறகுதான் கை இயந்திரத்தின் பொத்தானுக்குப் போகலாம். இரைச்சலில் ஒரு எண் மாறிக் கேட்டால் ஒருவர் கண்ணே கெட்டுப்போகும் என்று பெரியவர் போட்ட சட்டம். பதினைந்து வருஷமாக அதில் ஒரு எழுத்து மாறவில்லை.

சின்னவளுக்கு அந்த நாற்காலி உயிர். சமையலறையில் நின்றுகொண்டு உப்பு தீர்ந்துவிட்டது என்று மூன்று நாள் கத்தினாலும் அந்த வீட்டில் யார் காதிலும் ஏறாது. இங்கே உட்கார்ந்து "நூத்தி இருபது" என்றால், மீசை நரைத்த ஆள் பள்ளிப் பிள்ளைபோல "நூத்தி இருபது" என்பார். அவள் சரி சொல்லும்வரை கையைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்பார். பிறந்ததிலிருந்து அவள் பேச்சுக்கு இவ்வளவு மரியாதை வேறெங்கும் கிடைத்ததில்லை.

அந்தச் சட்டமே இப்போது அவள் கழுத்தைப் பிடித்தது. பெரியவர் இயந்திரத்தை நிறுத்தினார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, ஆணியில் தொங்கிய நோட்டை எடுத்தார். திரும்பி வந்த கண்ணாடிகளுக்கான நோட்டு அது. தேதி, எண், காரணம் என்று மூன்று கட்டம். காரணம் என்ற கட்டத்தில் ஏற்கனவே மூன்று தடவை எழுதியதையே நாலாவதாகவும் எழுதினார். படித்ததில் பிழை.

"ஏம்மா, லென்ஸோட சாய்வுக் கோணம் என்ன சொன்ன நீ?"

"நூத்தி எண்பது அத்தான்."

"டேய், நீ என்ன திருப்பிச் சொன்ன?"

"நூத்தி எண்பதுதான் அண்ணா" என்றான் தம்பி. தலையைத் தூக்கவில்லை.

"கடைச் சீட்டுல நூத்தி அறுபது இருக்கு. அவன் சரியாத்தான் கேட்டிருக்கான், சரியாத்தான் வெட்டியிருக்கான். அப்ப தப்பு எங்க வந்துச்சு?" பெரியவர் குரலை உயர்த்தவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் சுட்டது. "நான் ஒண்ணும் சொல்லல. இந்த வாரம் முழுக்க உன் அக்கா பக்கத்துல உக்காந்து பார்க்கட்டும். அடுத்த வாரத்துலேருந்து அவளே படிக்கட்டும். நீ துடைக்கிற மேசைக்கு வந்துடு."

சின்னவள் திரும்பித் திரையைப் பார்த்தாள். அந்தம்மாவின் எண் இன்னும் அங்கேதான் இருந்தது. 180. அவள் பார்வைக்கு அது இப்போதும் 180தான். கண்ணைக் கசக்கிக்கொண்டு மூக்கு திரையில் இடிக்கும் அளவுக்குக் குனிந்தாள். அப்போதுதான் தெரிந்தது. நடுவில் இருந்தது எட்டு இல்லை, ஆறு. அதன் மேல்வளைவு உருண்டு இறங்கி வயிற்றைத் தொட்டும் தொடாமலும் நின்றது. மயிரிழை இடைவெளி. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தால் அந்த இடைவெளி காணாமல் போனது.

முன்பு இப்படி இல்லையே என்று அவளுக்குப் பொறி தட்டியது. முன்பு இருந்தது ஒல்லியான, நெருக்கமான எழுத்து. சாயங்காலமானால் தலை வலிக்கும், ஆனால் ஆறு ஆறாகவே இருக்கும். மூன்று வாரத்துக்கு முன் ஒரு காலையில் எழுத்தெல்லாம் பெரிதாக, கொழுகொழுவென்று நின்றது. கம்ப்யூட்டர் தன்னைத் தானே ஏதோ புதுப்பித்துக்கொண்டது என்று நினைத்தாள். வெட்கத்தை விட்டுச் சொன்னால், அவளுக்கு அது பிடித்தும் இருந்தது. தலைவலி பாதியாகக் குறைந்ததால் யாரிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை.

மதியம் சோறு போட்டுக் கொடுக்கும்போது கணவனிடம் மெல்லக் கேட்டாள். "ஏங்க, கம்ப்யூட்டர்ல எழுத்து மாறியிருக்கு. கவனிச்சீங்களா?"

"எழுத்தா? அது தானா மாத்திக்கும். நெட்ல வந்து இறங்கும்."

"இத்தனை வருஷமா மாறலையே."

"அதையெல்லாம் ஆராய்ச்சி பண்ணிக்கிட்டு இருந்தா வேலை நடக்குமா? பருப்பு ஊத்து."

அவள் ஊற்றினாள். ஆனால் மனசு ஓரிடத்தில் நிற்கவில்லை. எல்லாரும் உண்ட மயக்கத்தில் இருந்த நேரம் பார்த்து, பட்டறைச் சுவரில் தொங்கிய கண் பரிசோதனை அட்டைக்கு முன்னால் போய் நின்றாள். ஆறடி தள்ளி, ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு படித்தாள். மறு கண்ணைப் பொத்திக்கொண்டும் படித்தாள். இரண்டு கண்ணும் கடைசி வரிவரை வழுக்கிக்கொண்டு போயின. கண்ணில் கோளாறு இல்லை. அப்படியானால் ஆளில்தான் கோளாறு. யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

யார் என்று யோசிக்க அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை. அந்த நாற்காலியில் அவளுக்கு முன்னால் எட்டு வருஷம் உட்கார்ந்திருந்தவள் அக்காதான். சின்னவள் கல்யாணமாகி வந்து, தனக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று வாயை விட்ட மறு மாசமே அக்காவைத் துடைக்கும் மேசைக்கு மாற்றிவிட்டார்கள். அக்கா அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாத ஆளை நம்பவே கூடாது என்று சின்னவளுக்கு இன்றைக்குத் தோன்றியது. இப்போது நாற்காலி யாரிடம் திரும்பிப் போகப்போகிறது? கணக்கு கச்சிதமாக உட்கார்ந்தது.

அன்றிலிருந்து அவள் கண்கொத்திப் பாம்பாகக் காவல் இருந்தாள். எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாலும் ஒரு காதை இங்கேயே வைத்துவிட்டுப் போனாள். மவுஸை மேசை விளிம்போடு ஒட்டி வைத்து, திரும்பி வந்து நகர்ந்திருக்கிறதா என்று பார்த்தாள். நாற்காலியின் உயரத்தைச் சாண் வைத்து அளந்தாள். அக்கா வெள்ளைத் துணியால் லென்ஸை ஊதி ஊதித் துடைப்பதுகூட அவளுக்கு நடிப்பாகப் பட்டது.

செவ்வாய்க்கிழமை அக்கா ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கையில் ரொட்டித் துண்டு. பல் பிடுங்கியதிலிருந்து ஒரு பக்கமாகவே மென்றுகொண்டிருந்தாள்.

"படி, பார்ப்போம்" என்றாள் அக்கா.

"நீங்களே படிங்கக்கா. அடுத்த வாரம் நீங்கதானே."

"குத்திப் பேசாத. இது என்ன, வலது கண் மைனஸ் எட்டு. பாவம், பாட்டில் அடி மாதிரி இருக்கும் கண்ணாடி."

சின்னவள் அக்காவின் பின்மண்டையில் கைவைத்து, குழந்தைக்குப் பாடம் காட்டுவதுபோல, தலையைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"இப்ப படிங்க."

அக்காவின் மெல்லும் வாய் நின்றது. "அய்யய்யோ. ஆறு."

"ஆறுதான். உங்களுக்குத் தெரியாத மாதிரி கேக்கறீங்களே."

"என்ன சொல்ற நீ?"

"எழுத்தை மாத்தினது யாருன்னு எனக்குத் தெரியும்னு சொல்றேன். இந்த நாற்காலி போச்சுன்னு உங்களுக்கு வயித்தெரிச்சல். நேரா என்கிட்ட கேட்டிருந்தா நானே எழுந்து குடுத்திருப்பேன். ஊரான் கண்ணுல விளையாடணுமா?"

அக்கா ரொட்டியைக் கீழே வைத்தாள். முகம் சிவந்துவிட்டது. "இந்த நாற்காலிக்கா? எட்டு வருஷம் இதுல உக்காந்து என் இடுப்பு போச்சுடி. நீ வந்தப்ப ஒரு வார்த்தை பேசாம எழுந்தேனே, ஏன்னு நினைச்ச? வாயைத் திறந்தா எங்க திரும்ப உக்கார வெச்சுடுவாங்களோன்னு பயந்து. ஒரு தப்பு வந்தா ராத்திரி முழுக்கத் தூக்கம் வராது. துடைக்கிற மேசையில எனக்கு என்ன குறை? கீறல் இருந்தா இருக்கு, இல்லைன்னா இல்ல."

"அப்ப யாரு?"

"நான் உன்னைத்தான் சந்தேகப்பட்டேன்."

"என்னையா?"

"தனியாப் போகணும்னு உங்களுக்கு ஒரு எண்ணம் இருக்குன்னு எனக்கு ஒரு இது. வேணும்னே தப்பாப் படிச்சு இந்தப் பட்டறையை மூட வைக்கறாளோன்னு நினைச்சேன். மூணு வாரமா நீ சிரிச்சா எனக்குப் பயமா இருக்கு."

இரண்டு பேரும் இவ்வளவு நாளும் ஒரே அடுப்பில் சமைத்து, ஒருத்தி முதுகுக்குப் பின்னால் ஒருத்தி இதை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். சின்னவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. அக்காவைப் பாதிதான் நம்பினாள். மீதிப் பாதியைக் கம்ப்யூட்டர்காரர் வந்து தீர்க்கட்டும் என்று அவருக்குப் போன் போட்டாள்.

கம்ப்யூட்டர்காரர் வியாழக்கிழமை வந்தார். தொப்பலாக நனைந்த சட்டையோடு உட்கார்ந்து, ஒரு டீயைக் குடித்துவிட்டுத்தான் திரையைப் பார்த்தார். அவர் உள்ளே வந்த ஐந்தாவது நிமிஷம், இயந்திரத்துக்குப் பெல்ட் வாங்க வேண்டும் என்று தம்பி வெளியே கிளம்பினான். "மழை விடட்டுமே" என்று பெரியவர் சொன்னதற்கும் நிற்கவில்லை.

"இது தானா மாறலைங்க" என்றார் கம்ப்யூட்டர்காரர். "திரையில திறக்கிற எல்லா ஜன்னலுக்கும் பொதுவா ஒரு எழுத்து இருக்கும். எதுவும் சொல்லலைன்னா அதுதான் வரும். அதைப் போய் யாரோ மாத்தியிருக்காங்க. இது கல்யாணப் பத்திரிகைக்கு வேணா போடலாம். எண் படிக்கிற இடத்துல போடலாமா?"

"இதைப் போய் யாரு தேடிப் பிடிப்பா?" என்றார் பெரியவர்.

"இங்க பாருங்க, தேர்ந்தெடுக்கிற இடத்துல மாதிரிக்கு ஒரு வரி காட்டும். அந்த வரியில வெறும் எழுத்துதான், ஒரு எண்கூட கிடையாது. பார்க்க அம்சமா இருந்தா ஆளுங்க அமுக்கிடுவாங்க. ஆறும் எட்டும் எப்படி இருக்கும்னு அமுக்கினப்புறம்தான் தெரியும்."

அவர் புது எழுத்து ஒன்றைப் போட்டுக் காட்டினார். "இது எப்படி?"

அதற்கு மேல் வேலையைப் பெரியவர் எடுத்துக்கொண்டார். எழுத்து எப்படி இருந்தால் கண்ணுக்கு நல்லது என்று அந்த வீட்டில் வந்து வெளி ஆள் சொல்வதாவது! 160, 180, 3.25, 8.25 என்று வரிசையாக அடிக்கச் சொன்னார். நாற்காலி இருக்கும் தூரத்தில் தரையில் சாக்பீஸால் கோடு போட்டார். அக்காவை அங்கே நிறுத்தி, கண் டாக்டர்போல ஆரம்பித்தார்.

"முதல்லதா, ரெண்டாவதா?"

"ரெண்டாவது."

"ரெண்டாவதா, மூணாவதா?"

"மறுபடியும் ரெண்டாவதைக் காட்டுங்க."

"அவசரப்படாத. கண்ணைச் சுருக்காத. சுருக்கினா எல்லாம்தான் தெரியும்."

பதினோரு எழுத்துகள் வந்து போயின. ஒன்றில் 3 என்ற எண் 8 போல இருந்தது. ஒன்றில் 1 என்ற எண், நின்றுகொண்டிருக்கும் குச்சியாக இருந்தது. ஒன்றில் மைனஸ் குறி தூசியாக நினைக்கும் அளவுக்குச் சின்னது. பெரியவர் மைனஸைப் பார்த்ததும் "இதை எடுத்து வெளியே போடுங்க" என்று கத்தினார். கடைசியில் கட்டை குட்டையாக, அழகே இல்லாத ஒரு எழுத்து நின்றது. அதில் ஆறின் வால் விறைத்து மேலே நின்றது. பூஜ்ஜியத்தின் குறுக்கே ஒரு கோடு.

"பூஜ்ஜியத்துக்கு எதுக்குக் கோடு?" என்றாள் அக்கா.

"வேற எதோடவும் குழப்பிக்கக் கூடாதுன்னு" என்றார் கம்ப்யூட்டர்காரர்.

"பார்க்க நல்லாவே இல்ல."

"நல்லா இருந்து பட்டது போதாதா?" என்றார் பெரியவர். சின்னவள் கோட்டில் வந்து நின்று ஒருமுறை எல்லா எண்ணையும் படித்தாள். ஒன்றுகூடத் தடுக்கவில்லை. நெஞ்சில் மூன்று வாரமாக உட்கார்ந்திருந்த கல் கொஞ்சம் அசைந்தது.

"அப்ப அந்த நோட்டு அத்தான்?" என்று கேட்டாள். "அதுல படிச்சதுல பிழைன்னு..."

பெரியவர் யோசித்தார். "எழுத்து எப்படி இருந்தாலும் படிக்கிறவங்கதானேம்மா படிக்கணும். மூணு வாரமா உனக்கே தெரியாம எப்படி மாறும்? யாரு மாத்தினதுன்னு தெரிஞ்சா அடிச்சு எழுதறேன். அதுவரைக்கும் சொன்னது சொன்னதுதான்." அவர் தேய்க்கும் இயந்திரத்துக்குத் திரும்பிப் போனார். இரைச்சல் தொடங்கியது.

சின்னவள் கம்ப்யூட்டர்காரர் பக்கம் குனிந்தாள். "இது என்னிக்கு மாறிச்சுன்னு தெரியுமாண்ணே?"

"தெரியுமே." அவர் எங்கெங்கோ போய்த் திறந்தார். "போன மாசம் பதினெட்டாம் தேதி. மதியம் ரெண்டு இருபது."

"பதினெட்டா?" என்று அக்கா சட்டென்று சொன்னாள். "அன்னிக்குத்தானே எனக்குப் பல் பிடுங்கினது. இவரும் என்கூட வந்தாரு. நீகூட உன் பாப்பா பள்ளிக்கூடத்துல மீட்டிங்னு..." பாதியிலேயே நிறுத்திவிட்டாள். சின்னவளின் முகத்தைப் பார்த்தாள். பிறகு டீ டம்ளரை எடுத்துக்கொண்டு, கழுவ வேண்டிய அவசரம் எதுவும் இல்லாமலேயே, சமையலறைக்குப் போய்விட்டாள்.

சின்னவளுக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது. பதினெட்டாம் தேதி சாயங்காலம் அவள் வீட்டுக்குள் வந்ததும் கணவன் என்றைக்கும் இல்லாத குரலில் "நாளைக்குத் தலைவலி இருக்காது பாரு" என்றான். மாத்திரை வாங்கி வந்திருக்கிறான் என்று நினைத்தாள். மறுநாள், "இன்னிக்கு எப்படி இருக்கு?" என்று இரண்டு தடவை கேட்டான். அதற்கப்புறம் முதல் ஜோடி திரும்பி வந்தது. அதற்கப்புறம் அவன் அதைக் கேட்கவே இல்லை.

கம்ப்யூட்டர்காரர் போன பிறகு கணவன் பெல்ட்டோடு வந்தான். வாசலிலேயே அவனை நிறுத்தினாள். மழை நீர் அவன் மூக்கு நுனியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"பதினெட்டாம் தேதி, ரெண்டு இருபது."

அவன் மறுக்கவில்லை. அந்த அளவுக்கு நல்லவன். "உனக்காகத்தான் பண்ணினேன்" என்றான். "தினமும் நெத்தியில துணியைக் கட்டிக்கிட்டுப் படுத்தியே. பெருசா, அழகா இருந்துச்சு. சொல்லாம வெச்சா சந்தோஷப்படுவன்னு நினைச்சேன்."

"சந்தோஷமாத்தான் இருந்தேன். தப்புக்குக் காரணம் அதுதான்னு எப்பத் தெரிஞ்சுது?"

"மூணாவது ஜோடியில."

"அப்பவே மாத்தியிருக்கலாமே."

"மாத்தினா நீ கேப்ப. அண்ணன் கேப்பாரு. நான்தான்னு தெரிஞ்சுடும்."

"அதனால நான்தான்னு இருக்கட்டும்னு விட்டுட்டீங்க."

அவன் பெல்ட்டைக் கையில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தான். அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. எழுத்தை மாற்றியதற்கு இல்லை. அதை நினைத்தால் இன்னும்கூட மனசு ஒரு ஓரத்தில் இளகியது. பருப்பு ஊற்றச் சொன்னானே, அதற்கு. அக்கா என்ற நல்ல மனுஷியின் முகத்துக்கு நேரே தன்னைப் பழி பேச வைத்தானே, அதற்கு. காரணம் தெரிந்த பிறகும் அண்ணன் எழுதியதைப் பக்கத்தில் நின்று பார்த்தானே, அதற்கு.

"போய் அண்ணன்கிட்ட சொல்லுங்க."

"சொல்றேன். நேரம் பார்த்துச் சொல்றேன். அவர் குணம்தான் உனக்குத் தெரியுமே."

அவன் உள்ளே போய்ப் பெல்ட்டை மாட்டினான். அரை மணி நேரம் ஆனது. அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவில் நாலடி தூரம்தான். அந்த நாலடிக்கு நேரம் வரவில்லை.

சின்னவள் எழுந்து, ஆணியிலிருந்து நோட்டை எடுத்துக்கொண்டு நாற்காலிக்கு வந்தாள். அக்கா துடைக்கும் மேசையிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். சின்னவள் எண் படிக்கும் குரலில், எந்த இரைச்சலையும் துளைக்கும் அந்தக் குரலில், தொடங்கினாள்.

"ஓரம் வெட்டறவருக்கு. திரும்பி வந்தது நாலு ஜோடி."

பழக்கம் அவன் வாயைத் திறந்தது. "நாலு ஜோடி" என்றான். சொன்ன பிறகுதான் திடுக்கிட்டுத் திரும்பினான்.

"காரணம், திரையில எழுத்தை மாத்தினது."

அவன் அவளைப் பார்த்தான். வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினான். அவள் அசையவில்லை. "எழுத்தை மாத்தினது" என்றான்.

"மாத்தின தேதி பதினெட்டு."

"பதினெட்டு."

"மாத்தினவர்?"

அவன் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. பெரியவர் லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமல், பதினைந்து வருஷமாகச் சொல்லிவரும் அதே வார்த்தையைச் சொன்னார்.

"கேக்கலடா. சத்தமாச் சொல்லு."

"நான்தான்" என்று தம்பி கத்தினான்.

தேய்க்கும் இயந்திரம் நின்றது. பெரியவர் கையில் சாந்தோடு அப்படியே திரும்பி நின்றார். தம்பியைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், கடைசியில் சின்னவளைப் பார்த்தார். வெளியே மழை பெய்வது இப்போதுதான் கேட்டது. சின்னவள் நாலு வரியையும் ஒவ்வொன்றாக அடித்து, பக்கத்தில் திருத்தி எழுதினாள். பேனாவை மூடி மேசையில் வைத்தாள்.

சட்டப்படி இனி அவள் சரி சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் யார் கையும் பொத்தானுக்குப் போகலாம். அண்ணனும் தம்பியும் காத்துக்கொண்டு நின்றார்கள். அவள் அவர்களைப் பார்த்தபடி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். வாயைத் திறக்கவில்லை.